இந்தப் புழு யார் வீட்டுப் பிள்ளை?



இந்த முறை எனக்கு வந்த கடிதங்களிலும் வாட்ஸ்அப் படங்களிலும் பாதிக்கு மேல் புழுதான். மழை விழுந்து செடி கொடியெல்லாம் கொழுந்து விட்டிருக்கிறது. கொழுந்துக்காகக் காத்திருந்து முட்டை வைக்கிற தாய்ப்பூச்சிகளுக்கு இதுதான் பருவம். அதனால் புழு வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. படங்கள் வெவ்வேறு என்றாலும், கேள்வி மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: "ஐயா, இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?"

மருந்தைப் பற்றிப் பேசும் முன் புழுவைப் பற்றிப் பேசிவிடுவோம். தெருவில் ஒரு பிள்ளை கல் எறிந்தால், "இது யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டுவிட்டுத்தானே வீட்டுப் படியேறுகிறோம்? புழுவுக்கும் அதே முறைதான். வரப்பிலும் வேலியிலும் நாம் பார்க்கும் புழுக்களில் நம் பயிரைத் தொடாதவை நிறைய. சில புழுக்கள் நம் பயிரின் எதிரியைத் தின்று நமக்கு வேலை செய்கின்றன. ஆள் தெரியாமல் மருந்து அடித்தால் கைக்காசும் போகும், கூலியில்லாமல் உழைக்கிற கூட்டமும் போகும்.

அடையாளம் காண மூன்று வழிகள்

முதல் வழி, செடி. பட்டாம்பூச்சிக்கும் அந்துப்பூச்சிக்கும் முட்டை, புழு, கூட்டுப்புழு, பறக்கும் பூச்சி என்று நான்கு பருவம் உண்டு. இதில் இலையைத் தின்பது புழுப் பருவம் மட்டுமே. பட்டாம்பூச்சிப் புழுக்கள் பெரும்பாலும் கண்டதைத் தின்னாது. எருக்கில் இருக்கும் புழு உங்கள் கத்தரிக்கு வராது. அரளியில் இருப்பது வெண்டைக்கு வராது. ஆகவே எந்தச் செடியில் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதி ஆள் தெரிந்த மாதிரி. புரோடீனியா, பச்சைக் காய்ப்புழு போல பல பயிரையும் தின்னும் புழுக்கள் உண்டு. அவை அந்துப்பூச்சியின் பிள்ளைகள்.

இரண்டாவது, கால். புழுவைப் பக்கவாட்டில் பாருங்கள். தலைக்குப் பின்னால் மூன்று ஜோடி மெல்லிய கால்கள் இருக்கும். அதற்குப் பின்னால் வயிற்றுப் பகுதியில் சதைப்பற்றான கால்கள், கடைசி ஜோடியையும் சேர்த்து, ஐந்து ஜோடி வரை இருக்கும். இப்படி இருந்தால் அது பட்டாம்பூச்சி அல்லது அந்துப்பூச்சியின் புழு. நடுவில் சில ஜோடி இல்லாமல், முதுகை வளைத்து வளைத்து நடந்தால் அது நாம் காவடிப் புழு என்று சொல்லும் வகை. முன்னால் ஆறு கால் மட்டும் இருந்து, முதலைக்குட்டி மாதிரி வேகமாக ஓடினால் அது பெரும்பாலும் பொறிவண்டின் புழு. அசுவினிக் கூட்டத்துக்கு நடுவில் காலும் இல்லாமல் தலையும் தெரியாமல் ஒரு புழு நெளிந்தால் அது மலர் ஈயின் புழு. இந்த இரண்டும் அசுவினியைத் தின்பவை. தட்டைப்பயறில் அசுவினி இருக்கிறது என்று மருந்து தெளிக்கப் போகும் முன், இவை இருக்கின்றனவா என்று ஒரு முறை குனிந்து பாருங்கள்.

மூன்றாவது, கடித்த விதம். நெல்லில் இலை மடிந்திருந்தால் எல்லாம் இலைச்சுருட்டுப் புழு என்று முடிவு செய்துவிட வேண்டாம். இலைச்சுருட்டுப் புழு உள்ளே இருந்து பச்சையத்தைச் சுரண்டும், இலையில் வெள்ளைக் கோடு தெரியும். இலையை மடித்துக்கொண்டு ஓரத்திலிருந்து கடித்துத் தின்றிருந்தால் அது துள்ளிப் பறக்கும் ஒரு சிறு பழுப்புப் பட்டாம்பூச்சியின் புழுவாக இருக்கலாம். அதன் எண்ணிக்கையைப் பெரும்பாலும் வயலில் உள்ள குளவிகளும் சிலந்திகளும் பறவைகளுமே கட்டுப்படுத்திவிடும்.

பறக்கும் பூச்சியைப் பார்த்தால் உணர்கொம்பைக் கவனியுங்கள். தீக்குச்சி மாதிரி நுனியில் குமிழ் இருந்தால் பட்டாம்பூச்சி. நூல் போலவோ இறகு போலவோ இருந்தால் அந்துப்பூச்சி. பட்டாம்பூச்சி பகலில் பறக்கும், உட்கார்ந்ததும் பெரும்பாலும் சிறகை முதுகின் மேல் சேர்த்து நிறுத்தும். அந்துப்பூச்சி பெரும்பாலும் இரவில் பறக்கும், சிறகைக் கூரை போலவோ பாய் போலவோ விரித்து உட்காரும்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.

கேள்வி: வீட்டுக் கொல்லையில் ஒரு கறிவேப்பிலை மரமும் புதிதாக வைத்த ஆறு எலுமிச்சைக் கன்றுகளும் இருக்கின்றன. இலை மேல் காக்கை எச்சம் மாதிரி இருந்தது. தொட்டால் அது நகர்கிறது, ஒரு கெட்ட வாடையும் அடிக்கிறது. பக்கத்து வீட்டில் பருத்திக்கு வாங்கிய மருந்து மிச்சம் இருக்கிறது. அதையே அடிக்கலாமா? (திண்டுக்கல் மாவட்ட வாசகி)

வேண்டவே வேண்டாம் சகோதரி. கறிவேப்பிலை நாள் தவறாமல் உங்கள் சமையலில் விழுகிற இலை. பருத்திக்கு வாங்கிய மருந்தை அதன்மேல் தெளித்தால் அது புழுவோடு நிற்காது, உங்கள் வீட்டு ரசத்துக்கும் சட்னிக்கும் வந்து சேரும். ஒரு பயிருக்கு என்று விற்ற மருந்தை வேறு பயிருக்கு, அதுவும் பச்சையாகப் பறித்துத் தின்னும் இலைக்கு, எந்தக் காரணத்துக்காகவும் அடிக்கக் கூடாது. அந்த மிச்ச மருந்துப் புட்டியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் பார்த்தது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் குஞ்சுப் புழு. கருப்புச் சிறகில் மஞ்சள் புள்ளிகள் சிதறி, கீழ்ச்சிறகின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளியோடு கொல்லையில் பறக்கும் பெரிய பட்டாம்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் தாய். கொழுந்தில் ஒவ்வொன்றாக, இளமஞ்சள் நிறத்தில் உருண்டையான முட்டை வைக்கும். குஞ்சுப் பருவத்தில் புழு கருப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் போலவே இருக்கும். பறவை ஏமாந்து போகட்டும் என்றுதான் இந்த வேஷம். வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறி, பக்கத்தில் பழுப்புப் பட்டை தெரியும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் கவட்டை போல ஒன்றை நீட்டும். நீங்கள் சொன்ன வாடை அதிலிருந்து வருவதுதான். அது கொட்டாது, கடிக்காது, விஷமும் இல்லை. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எல்லாம் இதற்குப் பிடித்த இலைகள்.

உங்கள் கறிவேப்பிலை மரம் வளர்ந்த மரமாக இருந்தால் பத்துப் புழுவை அது தாங்கும். மறுபடி தளிர்விட்டு ஈடு செய்துகொள்ளும். எலுமிச்சைக் கன்றுகளின் கதை வேறு. இரண்டடிக் கன்றில் நாலு பெரிய புழு இருந்தால் சில நாளில் குச்சிதான் மிஞ்சும். ஆறே கன்று என்பதால் காலையில் ஒரு சுற்று வந்து கையால் எடுத்துவிடுங்கள். கொழுந்தைத் திருப்பிப் பார்த்தால் முட்டையையும் எடுத்துவிடலாம். எடுத்த புழுவைக் கொல்ல மனம் வரவில்லை என்றால் வளர்ந்த கறிவேப்பிலை மரத்தில் விட்டுவிடுங்கள், அங்கே அது பிழைத்துக்கொள்ளும்.

நூறு, இருநூறு கன்று உள்ள நாற்றங்காலில் கையால் எடுத்து மாளாதுதான். அவர்கள் வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவிகிதம் தெளிக்கலாம். லிட்டருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, இரவு ஊற வைத்து, வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். பி.டி. எனப்படும் பாக்டீரியா மருந்தும் புழுவை மட்டுமே தாக்கும், பாக்கெட்டில் அச்சிட்ட அளவில் பயன்படுத்தலாம். ஆனால் அக்கம் பக்கத்தில் மல்பெரித் தோட்டம் இருந்தால் பி.டி.யைத் தொடாதீர்கள். பட்டுப்புழுவும் புழுதான். அதற்கும் அந்தப் பாக்டீரியா எமன்.

கேள்வி: அரை ஏக்கரில் பப்பாளி. மாவுப்பூச்சி வந்துவிட்டது. அதோடு மாவுக்குள்ளேயே சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னப் புழுவும் நெளிகிறது. மாவுப்பூச்சி போதாது என்று புழு வேறா? இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்து உண்டா? (ஈரோடு மாவட்ட வாசகர்)

ஐயா, இந்த மாதம் வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மருந்து அடிக்கும் நாளையும் தள்ளி வையுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் இருக்கும் புழு உங்கள் பப்பாளியில் ஒரு இலையைக்கூடத் தின்னவில்லை. அது மாவுப்பூச்சியைத் தின்றுகொண்டிருக்கிறது. பட்டாம்பூச்சிப் புழு என்றாலே இலை தின்னி என்று நினைக்கிறோம். அதில் விதிவிலக்கு இது. தாய்ப் பட்டாம்பூச்சி மாவுப்பூச்சிக் கூட்டத்தைத் தேடிப் போய் முட்டை வைக்கும். குஞ்சு பொரிந்ததும் மாவுப்பூச்சியின் முட்டை, குஞ்சு, தாய் எல்லாவற்றையும் தின்னும். மாவுப்பூச்சியின் வெள்ளை மாவையே உடம்பெல்லாம் பூசிக்கொண்டு இருப்பதால் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. தட்டையான சாம்பல் நிற உடம்பு. வளர்ந்ததும் இலையிலோ தண்டிலோ கூட்டுப்புழுவாக ஒட்டிக்கொள்ளும். ஒரு பயறு அளவே இருக்கும் அந்தக் கூட்டுப்புழுவைக் கிட்டே வைத்துப் பாருங்கள், குரங்கு முகம் மாதிரியே இருக்கும். ஆங்கிலத்திலும் அதை வைத்தே அந்தப் பட்டாம்பூச்சிக்குக் குரங்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பறக்கும் பூச்சி சாம்பல் கலந்த பழுப்பு நிறம், சின்னது, யாரும் திரும்பிப் பார்க்காத தோற்றம்.

மாவுக்குள் இன்னொரு வெள்ளை ஆளும் இருக்கலாம். மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, உடம்பிலிருந்து வெள்ளை நூல் நூலாகத் தொங்க, குச்சியால் தொட்டால் விறுவிறுவென்று ஓடும். அது ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பொறிவண்டின் புழு. அதற்கும் மாவுப்பூச்சிதான் சாப்பாடு.

பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோயம்புத்தூர்ப் பகுதியில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றையும் வெள்ளையாக மூடியதை மேற்கு மாவட்ட விவசாயிகள் மறந்திருக்க மாட்டீர்கள். மருந்து மேல் மருந்தாக அடித்தும் அடங்கவில்லை. மாவும் மெழுகும் மூடிய உடம்பில் மருந்து ஒட்டுவதில்லை. ஆனால் அதைத் தின்னும் பூச்சிகள் மேல் நன்றாக ஒட்டும். 2010-ல் அசெரோபேகஸ் என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியை வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்ட பிறகுதான் நிலைமை கைக்குள் வந்தது. மருந்தால் முடியாததை ஒரு பூச்சி முடித்துக் கொடுத்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ரசாயன மருந்தை நிறுத்தி வையுங்கள். மரம் மரமாகப் பார்த்து, புழுவோ குரங்கு முகக் கூடோ இருக்கும் இலையை அப்படியே விடுங்கள். புழு இல்லாமல் மாவு மட்டும் அப்பியிருக்கும் இலைகளை வெட்டி எரித்துவிடுங்கள். மரத்தில் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். மாவுப்பூச்சி வடிக்கும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் இருக்கும், நமக்கு உதவும் பூச்சிகளைத் துரத்தும். எறும்புப் புற்றைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. வரப்பில் உள்ள பார்த்தீனியத்தைப் பிடுங்குங்கள், மாவுப்பூச்சி அங்கேயும் குடியிருக்கும். ஒட்டுண்ணிக் குளவி உங்கள் தோட்டத்தில் இருக்கிறதா என்று மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு இலையைக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். பத்து நாள் கழித்து அதே மரங்களை மறுபடி படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.

இதே வரிசையில் மா விவசாயிகளுக்கும் ஒரு செய்தி. மாமரத்துப் புல்லுருவியில் மஞ்சள் நிறப் புழுக்கள் கூட்டமாக இருந்தால் பயப்பட வேண்டாம். கீழ்ச்சிறகின் அடியில் மஞ்சளும் விளிம்பில் சிவப்புமாக உயரத்தில் பறக்கும் ஒரு அழகான பட்டாம்பூச்சியின் புழு அது. அது தின்பது புல்லுருவியைத்தான், மா இலையை இல்லை. புல்லுருவியை முழுதாக ஒழிக்க அதனால் முடியாது, நீங்கள்தான் கிளையோடு வெட்ட வேண்டும். ஆனால் அதை மாம்புழு என்று நினைத்து மருந்து அடிக்காதீர்கள்.

கேள்வி: எள்ளுக் காட்டில் விரல் தடிமனுக்குப் பச்சைப் புழு. வாலில் கொம்பு. கொம்பால் கொட்டினால் ஆள் பிழைக்காது என்று சொல்லி, களை எடுக்க வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். (விழுப்புரம் மாவட்ட வாசகர்)

அந்தக் கொம்பு வெறும் அலங்காரம். அதில் விஷமும் இல்லை, குத்தவும் தெரியாது. நாளைக்கு நீங்களே அவர்கள் முன்னால் ஒரு புழுவைக் கையில் எடுத்துக் காட்டுங்கள். அதற்கப்புறம் வேலை தானாக நடக்கும்.

அது ஒரு பெரிய அந்துப்பூச்சியின் புழு. பக்கவாட்டில் சாய்வான கோடுகள், வாலில் சொரசொரப்பான வளைந்த கொம்பு. அந்துப்பூச்சியின் முதுகில் மண்டை ஓடு போல ஒரு அடையாளம் இருக்கும். இரவில் தேன்கூட்டுக்குள் புகுந்து தேனைக் குடிக்கும். பிடித்தால் கீச்சென்று சத்தம் போடும். இந்த மண்டை ஓட்டையும் சத்தத்தையும் வைத்துத்தான் இதற்கு இத்தனை பயம்.

ஒரு புழு நிறைய இலை தின்னும் என்பது உண்மை. ஆனால் ஒரு காட்டில் இது கூட்டமாக வருவது அபூர்வம், அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். இலை நிறத்திலேயே இருப்பதால் மேலே தேடினால் அகப்படாது. கீழே மண்ணைப் பாருங்கள். மிளகு மாதிரி கருப்பு எச்சம் விழுந்திருக்கும் செடிக்கு நேர் மேலே ஆள் இருப்பார். கையால் எடுத்துப் போட்டாலே போதும். மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகப் போவதால், அறுவடைக்குப் பின் ஆழ உழுதால் கூடுகள் மேலே வந்து காக்கைக்கும் கரிச்சானுக்கும் இரையாகும்.

கேள்வி: முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக் கிடக்கிறது. என் பேரனுக்குக் கை கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. எந்தப் புழுவைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது? (தேனி மாவட்ட வாசகி)

அம்மா, முதலில் பேரனைக் கவனிப்போம். தடித்த இடத்தைத் தேய்க்கவோ சொறியவோ விடாதீர்கள், முடி இன்னும் உள்ளே போகும். ஒட்டும் டேப்பை மெதுவாக ஒட்டி எடுத்தால் முடி அதோடு வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, ஈரத்துணியை வையுங்கள். போட்டிருந்த சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும். கண்ணில் பட்டாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ கை வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தொடக் கூடாதவை என்று பிள்ளைகளுக்கு இரண்டைச் சொல்லிக் கொடுங்கள். ஒன்று, உடம்பெல்லாம் மெல்லிய முடி அடர்ந்த கம்பளிப்பூச்சி. இன்னொன்று, தென்னை, மா, ஆமணக்கு இலைகளில் அட்டை மாதிரி ஒட்டி ஊரும், வரிசையாக முள் கொத்துள்ள பச்சைப் புழு. இரண்டாவது பட்டால் நெருப்புப் பட்ட மாதிரி எரியும். இரண்டுமே அந்துப்பூச்சி வகைதான். ஆமணக்கில் முள் முள்ளாக இருக்கும் பட்டாம்பூச்சிப் புழு ஒன்றும் உண்டு, அதன் முள் கொட்டாது. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. முடியோ முள்ளோ இருந்தால் கண்ணால் பார், கையால் தொடாதே என்று பழக்குவதே நல்லது.

முருங்கைக் கம்பளிப்பூச்சி பகலில் அடிமரத்தில் கூட்டமாகக் கிடக்கும். கூட்டமாக இருக்கும்போது ஒழிப்பது சுலபம். முழுக்கைச் சட்டையும் முகத்துக்குத் துணியும் கட்டிக்கொண்டு, நீளக் குச்சியில் கோணிச் சாக்கைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் உள்ள வாளிக்குள் தள்ளிவிடுங்கள். மீன் எண்ணெய் சோப்பு கிடைத்தால் லிட்டருக்கு 25 கிராம் கரைத்து அந்த இடத்தில் மட்டும் தெளிக்கலாம். கீரையும் காயும் பறிக்கிற மரம், மற்ற மருந்து வேண்டாம்.

கேள்வி: பட்டாம்பூச்சி என்றால் நல்லது, அந்துப்பூச்சி என்றால் கெட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? (மதுரை மாவட்ட வாசகர்)

எடுத்துக்கொள்ள முடியாது. மாதுளை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். மாதுளைப் பழத்தைத் துளைத்து விதையைத் தின்னும் புழு ஒரு பட்டாம்பூச்சியின் பிள்ளைதான். பிஞ்சிலும் பூவின் மேலும் முட்டை வைக்கும். புழு உள்ளே போய்விட்டால் எந்த மருந்தும் எட்டாது, துளை வழியே அழுகல் சேர்ந்து பழம் நாறிவிடும். பிஞ்சிலேயே காகிதப் பையோ மெல்லிய துணிப் பையோ கட்டுவதுதான் உறுதியான வழி. துளை விழுந்த பழங்களைப் பறித்து அழிக்க வேண்டும், மரத்தடியில் போட்டுவிடக் கூடாது.

அவரை, மொச்சை, துவரை, தட்டைப்பயறில் பூவையும் பிஞ்சுக் காயையும் துளைப்பதும் நீல நிறத்தில் ஒரு சிறிய பட்டாம்பூச்சியின் புழுதான். பூங்கொத்தில் எறும்பு மொய்த்தால் விரித்துப் பாருங்கள், அட்டை போன்ற பச்சைப் புழு இருக்கும். வாழை இலையைக் கிழித்துச் சுருட்டுவதும் ஒரு பட்டாம்பூச்சிப் புழுதான், சுருளைப் பறித்து உள்ளிருக்கும் புழுவோடு நசுக்கினால் போதும்.

அதே சமயம் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டிய புழுவும் உண்டு. 2018-ல் நம் நாட்டுக்குள் வந்த மக்காச்சோளப் படைப்புழு அப்படிப்பட்டது. தலையில் தலைகீழான ஒய் எழுத்துப் போன்ற வெள்ளைக் கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள் இருந்தால் தாமதிக்காமல் உங்கள் பகுதி வேளாண்மை அலுவலரிடம் சொல்லுங்கள். பொறுமையும் வேகமும் இரண்டுமே ஆள் தெரிந்த பிறகுதான்.

கேள்வி: எங்கள் வேலியில் எருக்கஞ்செடியில் கருப்பு, வெள்ளை, மஞ்சள் கோடு போட்ட புழு இருக்கிறது. அதை வளர்த்தால் பட்டாம்பூச்சி ஆகுமா? (ஏழாம் வகுப்பு மாணவி, நாமக்கல் மாவட்டம்)

ஆகும் கண்ணு. அந்தப் புழுவின் முதுகில் மூன்று ஜோடி கருப்புக் கொம்பு இருக்கிறதா என்று பார். இருந்தால், செம்மஞ்சள் சிறகும் கருப்பு விளிம்பும் உள்ள பட்டாம்பூச்சி வரும். எருக்கம்பாலில் உள்ள விஷத்தை அது உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஒரு தடவை தின்று பார்த்த பறவை மறுபடி பக்கத்தில் போகாது. உங்கள் வீட்டுக் கறிவேப்பிலையில் வளரும் இன்னொரு கருப்புப் பட்டாம்பூச்சிக்கு இப்படி விஷம் கிடையாது. அதனால் அதன் பெண் பூச்சிகளில் சில, ஆடுதின்னாப்பாளை தின்று வளரும் விஷமுள்ள சிவப்பு உடம்புப் பட்டாம்பூச்சி மாதிரியே சிறகில் வேஷம் போட்டுக்கொள்கின்றன.

வளர்க்கும் முறை இது. வாய் அகலமான கண்ணாடிப் புட்டியில் காகிதம் விரித்து, ஒரு குச்சியைச் சாய்த்து வை. புழு எந்தச் செடியில் இருந்ததோ அதே செடியின் இலையைத் தினமும் புதிதாகப் போடு. எச்சத்தைத் தட்டிவிடு. புட்டியை மெல்லிய துணியால் மூடு. வெயிலில் வைக்காதே. எருக்கம் இலையை மட்டும் அம்மாவையோ அப்பாவையோ பறிக்கச் சொல். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கெடுதல். பறித்தவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். புழு குச்சியில் தொங்கிக் கூடாக மாறிய பிறகு தொடாமல் விட்டுவிடு. பத்து நாளுக்கு முன்பின் பட்டாம்பூச்சி வரும். சிறகு காயட்டும், பிறகு வேலியிலேயே பறக்க விடு. புழு எடுத்த நாள், செடியின் பெயர், கூடான நாள், பறந்த நாள் நான்கையும் நோட்டில் எழுதி வை. 2019-ல் நம் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்டது தமிழ் மறவன் என்று ஆசிரியரிடம் சொல். அது மலைக்காட்டில் இருப்பது, உங்கள் வேலிக்கு வராது. ஆனால் உங்கள் வேலியிலேயே பார்க்க நிறைய இருக்கிறது.

இதைப் பெரியவர்களும் செய்யலாம். பெயர் தெரியாத புழுவைப் புட்டியில் போட்டு வையுங்கள். சில சமயம் பட்டாம்பூச்சிக்குப் பதிலாகப் புழுவின் மேல் அரிசி மாதிரி வெள்ளைக் கூடுகள் முளைக்கும். புழு முட்டை வைத்துவிட்டது என்று நினைத்து வயலில் இதை நசுக்கிவிடுகிறோம். புழு முட்டை வைக்காது. அது புழுவின் உள்ளே வளர்ந்து அதைக் கொன்ற குளவியின் கூடு. அப்படிப்பட்ட புழு உங்கள் வயலில் நிறைய இருந்தால், மருந்துச் செலவு மிச்சம் என்று அர்த்தம்.

மருந்துக் கடைக்குப் போகும் முன்

1. எந்தச் செடியில், எந்தப் பாகத்தில் இருக்கிறது? இலையா, பூவா, காயா?

2. செடியைத் தின்கிறதா, செடியில் உள்ள வேறு பூச்சியைத் தின்கிறதா?

3. பத்துச் செடி பார்த்தால் எத்தனை செடியில் இருக்கிறது? கையால் எடுத்து முடியுமா?

4. புழுவின் மேல் வெள்ளைக் கூடுகள் இருக்கின்றனவா? பக்கத்தில் பொறிவண்டு, குளவி, சிலந்தி உண்டா?

5. அந்தச் செடியை நாம் தின்கிறோமா, மாடு தின்கிறதா?

படம் அனுப்புகிறவர்கள் மேலிருந்து ஒன்று, கால் தெரியும்படி பக்கவாட்டில் ஒன்று, தலை தெரியக் கிட்டத்தில் ஒன்று, கடிபட்ட செடி முழுதாக ஒன்று என நான்கு படம் அனுப்புங்கள். செடியின் பெயரை உங்கள் ஊர் வழக்கிலேயே எழுதுங்கள். அவசரம் என்றால் இதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம், கிசான் கால் சென்டரை 1800 180 1551 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

அடுத்த இதழில் நிலக்கடலையில் சிவப்புக் கம்பளிப் புழுவையும், விளக்குப் பொறி வைக்கும் முறையையும் பார்ப்போம். அதற்குள் உங்கள் வேலியில் எத்தனை வகைப் புழு இருக்கிறது என்று ஒரு காலை நேரம் எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.